தனேஸ்வரனின் மஞ்சள் கட்டம்

மலேசியாவின் ஈப்போவில் கல்யாணக் கச்சேரி பார்த்த யாரிடமும் "பெரிய டிவியைத் தடவித் தடவி வாசிப்பாரே, அவரு" என்று சொன்னால் போதும், தனேஸ்வரன் என்று புரிந்துகொள்வார்கள். உடையப்பன் இசைக்குழுவின் மேடையில் இடது ஓரத்தில், ஐம்பத்தைந்து அங்குலத் தொடுதிரை ஒன்றின் முன்னால், தொலைக்காட்சியில் வானிலை சொல்பவர் மாதிரி நிற்பார். திரை முழுக்கச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கலர் கலராகக் கட்டங்கள். சிவப்பைத் தொட்டால் தாளம், நீலத்தைத் தொட்டால் பேஸ், பச்சையைத் தொட்டால் இருபது வயலின்கள். கட்டத்தை மேலே இழுத்தால் சத்தம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். பின்னால் ஒரு மடிக்கணினி உட்கார்ந்துகொண்டு அவர் விரல் சொன்னபடி ஆடும்.

"மத்தவன்லாம் சின்ன லேப்டாப்ல மௌஸ் வெச்சிக்கிட்டு வாசிக்கிறான், உனக்கு மட்டும் எதுக்குய்யா இவ்ளோ பெருசு?" என்று கேட்டால், "வெளிநாட்டுல இப்பல்லாம் இப்படித்தான்லா" என்பார் தனேஸ்வரன். நாலு பேர் தலையாட்டுவார்கள், இரண்டு பேர் போட்டோ எடுப்பார்கள்.

அத்தனையும் புளுகு. வெளிநாட்டில் எப்படி என்று அவர் கண்டாரா? சின்னத் திரையில் இருக்கிற எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் சங்கதி. வலது கண் கிட்டத்தட்டப் போய்விட்டது. இடது கண்ணில் கலரும் பெரிய உருவங்களும் மட்டும் மங்கலாகத் தெரியும். மூடப்போகிற டியூஷன் சென்டர் ஒன்றில் அந்தத் திரையைப் பார்த்ததும், கடவுளே தனக்காக ஆர்டர் கொடுத்து வைத்த மாதிரி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். தன் கண் விஷயத்தை ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. மனைவி சரளாவிடம்கூட.

சுங்காய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அப்பா பால்மரம் வெட்டினார், ரப்பர்ப் பால் எடுக்கிற வேலை. பால்மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்ட வருஷம், பன்னிரண்டு வயதில், குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்தார். பத்தொன்பதில் கமுந்திங் தொழிற்பேட்டையில் வேலை. அங்கே ஓவர்டைம் பார்த்து வாங்கிய பழைய கீபோர்டுதான் அவரை உடையப்பனிடம் கொண்டுவந்து சேர்த்தது. இப்போது நாற்பத்து மூன்று வயது. வாரநாளில் பிஸ்கட் ஃபேக்டரியில் பெட்டி கட்டும் வேலை. அது கைப்பழக்கம், கண்ணுக்கு அங்கே வேலையில்லை. முப்பத்து நாலில் இனிப்பு நீர் வந்தது, சர்க்கரை வியாதி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அரசாங்க கிளினிக்கில் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், "ரத்தக்குழாய் கசியுது, சீக்கிரம் போங்க" என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதம் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில், மழைக்கோட்டுக்குள் மடிந்து கிடந்தது. போனால் லேசர் அடிப்பார்கள், லீவு போட வேண்டும், லீவு போட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

தெரிந்தால் என்ன ஆகும்? சால்வைதான். குழுவில் டிரம்ஸ் வாசித்த பத்துமலைக்குக் காது மந்தமானபோது அதுதான் நடந்தது. ஒருநாள் மேடையில் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, மாலை போட்டு, போட்டோ எடுத்து, மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யாரும் திட்டவில்லை, யாரும் கோபப்படவில்லை. பத்துமலை இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி முன்னால் உட்கார்ந்து விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த நிலைமையில்தான் அந்தக் கல்யாணம் வந்தது. நல்ல முகூர்த்த நாள், ஊரெல்லாம் கல்யாணம். நாதஸ்வரக்காரர்கள் பாரிட் புந்தாரில் ஒரு வீட்டுக்கு முன்பே வாக்குக் கொடுத்துவிட்டார்கள். பெண் வீட்டார் உடையப்பன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணே, கெட்டிமேளத்தையும் நீங்களே பாத்துக்குங்கண்ணே." உடையப்பனும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டார். "நம்ம தனேசு இருக்கான். தட்டுனா மேளம்."

தட்டினால் மேளம்! சொல்கிறவருக்கு எளிது. சினிமாப் பாட்டில் ஒரு தாளம் பிசகினால் மன்னிப்பார்கள். தாலி கட்டும்போது மேளம் முழங்காமல், யாரோ ஒருத்தர் தும்மிய சத்தம் காதில் விழுந்தால், அந்தப் பெண்ணுக்குப் பத்து வருஷம் கழித்துத் தலைவலி வந்தாலும் அதையே சொல்வார்கள்.

கோயில் திருவிழாவில் தானே பதிவு செய்து வைத்திருந்த கெட்டிமேளத்தைத் தனேஸ்வரன் திரையில் ஏற்றினார். திரையின் இடது கீழ் மூலையில், மற்ற கட்டங்களோடு ஒட்டாமல், தனியாக ஒரு மஞ்சள் கட்டம். மூலை என்றால் கண் வேண்டாம், சட்டத்தைப் பிடித்தே கை போய்விடும். மஞ்சள், மங்களமாகவும் இருக்கும். சரளாவைக் கூப்பிட்டுக் காட்டினார். மகளை இடுப்பில் வைத்தபடியே வந்து பார்த்தாள்.

"இங்க தொட்டா கெட்டிமேளம். பாத்தியா?"

"அடேயப்பா!" என்றாள் சரளா. "ஒரு பொண்ணு வாழ்க்கையே இந்த மூலையிலதான் இருக்குன்னு சொல்லுங்க."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று.

ஞாயிறு விடியற்காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது சந்தன வாசனை வந்தது. எப்போதும் நடக்கிற காரியம்தான். கச்சேரிக்குப் போகிற சாமான் எதுவும் பொட்டு வைக்காமல் சரளாவின் வாசலைத் தாண்டாது. கீபோர்டுக்குப் பொட்டு, வயர்ப் பெட்டிக்குப் பொட்டு, திரைக்கு மேல் சட்டத்தின் நடுவில் ஒரு பொட்டு. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஆறு மணிக்கு வேன் வந்து திரையைக் கம்பளி சுற்றி ஏற்றிக்கொண்டு போயிற்று. வேனில் இடமில்லை என்று அவர் மோட்டாரில் பின்னால் போனார். வேனின் சிவப்பு விளக்கை விட்டால் அவருக்கு வழியில்லை. சிவப்பு பளிச்சென்றால் பிரேக், மங்கினால் ஆக்சிலேட்டர், இவ்வளவுதான் அவருடைய ரோடு. ஒரு சந்தியில் வேனுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு லோரி புகுந்துவிட்டது. மண்டபம் வந்து சேரும்வரை உயிர் அவர் கையில் இல்லை.

மண்டபத்தில் ஆட்கள் நாற்காலிக்குத் துணி போட்டுக்கொண்டிருந்தார்கள். தனேஸ்வரன் வயர்களைத் தடவி மாட்டி, திரையைப் போட்டார். மென்பொருள் திறந்தது. கட்டங்கள் வந்தன.

வந்த மறுநொடி, யாரும் தொடாமலே, கெட்டிமேளம் முழங்கியது.

மண்டபமே அதிர்ந்தது. பூ கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "என்னப்பா இது, மாப்பிள்ளையே இன்னும் வரல!" என்று யாரோ கத்தினார்கள். தனேஸ்வரன் பதறிப்போய் மடிக்கணினியின் நீளப் பித்தானைத் தட்டி நிறுத்தினார். அந்தப் பித்தான் ஒன்றுதான் தடவினால் அகப்படும். அதை வைத்து எல்லாவற்றையும் நிறுத்தலாம், வேறெதுவும் செய்ய முடியாது.

"கை பட்டுருச்சு, மன்னிச்சிருங்க" என்றார்.

கை படவில்லை. அவருக்குத் தெரியும். தெரியுமா? அங்கேதான் சந்தேகம் வந்து உட்கார்ந்தது. நேற்றைக்குத் தெரிந்த அளவு இன்றைக்குக் கண் தெரிகிறதா? மூலை என்று நினைத்து எங்கே கையை வைத்தோம்? சிவப்புக் கட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். தாளம் வரவில்லை. கட்டங்களெல்லாம் ஊதிப் பெருத்துத் திரைக்கு வெளியே ஓடின. இரண்டு விரல் வைத்து விரித்தால்தான் அப்படி ஆகும். அவர் வைத்ததோ ஒரு விரல். தன் விரலைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து எண்ணிப் பார்த்தார், பாவம். ஒன்றுதான்.

மூன்று முறை மூடித் திறந்தார். மூன்று முறையும் அப்படியே. நல்லவேளை, முன்னெச்சரிக்கையாக ஒலிபெருக்கியை அணைத்து வைத்துவிட்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

எட்டரைக்குக் கச்சேரி தொடங்கியது. "திரை சூடாயிருச்சு, கொஞ்ச நேரம் ஆறட்டும்" என்று ஒரு புளுகு. கிட்டாரும் தபலாவும் பாடகி மாதுமையும் சேர்ந்து நான்கு பாட்டைச் சமாளித்தார்கள். யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிற மாதுமை வாரநாளில் பள்ளிக்கூட டீச்சர், எதையும் ஒரு பார்வையில் எடை போடுகிறவள். ஐந்தாவது பாட்டுக்கு முன்னால் அருகில் வந்து, "தனேஸ் அண்ணே, முகம் வெளுத்துப் போயிருக்கு. சீனி இறங்கிட்டுதோ?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லம்மா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த உடையப்பன் வேகமாக வந்தார்.

"என்னடா, ரோசாக்கா? கெட்டுப்போச்சா?"

"சரி பண்ணிக்கிட்டு இருக்கேன்ணே."

"கண்ணு பட்டிருக்கு. போன வாரம் எத்தனை பேரு இதைப் போட்டோ எடுத்தானுங்க! இரு, வாரேன்."

மணவறைக்குப் போய் ஐயரிடம் கை நிறைய விபூதி வாங்கி, தண்ணீர் விட்டுக் குழைத்து, திரையின் வலது பக்கம் பட்டை பட்டையாக மூன்று கோடு இழுத்தார் உடையப்பன். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இனி ஒண்ணும் ஆவாது பாரு" என்று சொல்லிவிட்டு மேடையின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

அவர் போன கையோடு வலது பக்கத்துப் பச்சைக் கட்டம் தானாக முனக ஆரம்பித்தது. இருபது வயலின்கள், ஒரே சுரத்தில், சாவு வீட்டில் அழுகிற மாதிரி. நீளப் பித்தானைக் குத்தி நிறுத்தினார் தனேஸ்வரன். ஐயர் திரும்பிப் பார்ப்பது மங்கலாகத் தெரிந்தது. உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது அவருக்கு.

அப்போதுதான் பல்லி ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒத்திகையில், ஒரு பல்லி திரைமேல் ஓடியது. அது ஓடிய வழியெல்லாம் தபலா அடித்தது. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், உடையப்பன் பல்லிப் பலன் பார்த்தார். அந்தத் திரையின் சட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன, அதை எது மறித்தாலும் விரல் என்றே எடுத்துக்கொள்ளும். விரலா, பல்லியா என்று அதற்குப் பேதம் கிடையாது. விபூதியா என்றும் கிடையாது.

விபூதி பட்டதும் பச்சை அழுதது. அப்படியானால் மஞ்சள் காலையிலிருந்தே...

சந்தன வாசனை. ஐயோ சரளா!

மேல் சட்டத்தில் வைக்கிறவள், இன்றைக்கு மூலையிலும் வைத்திருக்கிறாள். ஒரு பெண்ணின் வாழ்க்கை இருக்கிற மூலையாயிற்றே, வைக்காமல் விடுவாளா? காலையிலிருந்து மஞ்சள் கட்டத்தின் மேல் ஒரு விரல் அழுத்தியபடியே இருக்கிறது, அவர் வைத்தது இரண்டாவது விரல். ஏற்கெனவே அழுத்தியிருக்கிற கட்டத்தை அவர் மறுபடி தொட்டால் சத்தம் வராது. தாலி கட்டும்போது தொடுவார், மண்டபம் அமைதியாக இருக்கும். திரையைத் துழாவினார். மஞ்சளுக்குமேல் மஞ்சள், என்ன தெரியும்? கையால் தடவித் தேடலாம் என்றால், தடவுகிற இடமெல்லாம் ஏதாவது கட்டம் கத்தும். ஒலிபெருக்கியோ இப்போது திறந்திருக்கிறது, மணவறையில் மந்திரம் ஓடுகிறது. அப்படியே துடைத்தாலும், கடைசித் துளிவரை போயிற்றா என்று அவருக்கு யார் சொல்வது?

தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையில் சுற்றத் தொடங்கியது. வரிசை வரிசையாகக் கைகள் தொட்டுக் கும்பிட்டன. தட்டு திரும்பி வர இரண்டு நிமிடம் ஆகுமா? மூன்று?

குழுவில் இருக்கிறவர்கள் காதுக்குள் மட்டும் கேட்கும்படி ஒரு மைக் அவருக்கு உண்டு. அதை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தார்.

"உடையப்பண்ணே, திரையில இடது கீழ் மூலையில ஏதாச்சும் பொட்டு இருக்கா பாருங்க."

"ஏன்டா, உன் மூக்குக்கு முன்னாடிதானேடா இருக்கு, நீயே பாரேன்" என்றது உடையப்பன் குரல்.

தட்டு முன்வரிசைக்கு வந்துவிட்டது. பத்துமலையின் சால்வை கண்முன் வந்து நின்றது. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"எனக்குத் தெரியலண்ணே" என்றார் தனேஸ்வரன். "எனக்குக் கண்ணு தெரியாது. ரெண்டு வருஷமா தெரியாது. பொட்டு இருந்தா துடைச்சிருங்க, இல்லாட்டி மேளம் வராது."

ஐந்து பேர் காதிலும் அது விழுந்தது. தபலாக்காரர் கை அந்தரத்தில் நின்றது. முதலில் அசைந்தவள் மாதுமைதான். ஓடி வந்து குனிந்தாள். "இருக்கு, பெரிய சந்தனப் பொட்டு, நடுவில குங்குமம். கம்பளியில உரசிப் பரவிக் கிடக்கு" என்றவள், கையை நீட்டிவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "தாலி கட்டுற நேரத்தில பொட்டை அழிக்கச் சொல்றியளே அண்ணே... நான் மாட்டன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. எந்தப் பெண்தான் செய்வாள்? உடையப்பன் மேடையின் மறுகோடியிலிருந்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "தள்ளு, பாவம் என் தலையில விடியட்டும்." பட்டு ஜிப்பாவின் கையை இழுத்து, எச்சில் தொட்டு, மூலையை அழுத்தித் தேய்த்தார். தான் போட்ட விபூதிப் பட்டையையும் சேர்த்துத் தேய்த்தார். "போச்சு. சுத்தமாப் போச்சு. கையை வை."

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார் ஐயர்.

தனேஸ்வரன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே கையைக் கீழே இறக்கி மூலையைத் தொட்டார்.

மேளம் முழங்கியது. நாதஸ்வரம் மண்டபத்தின் கூரைக்கு ஏறியது. அட்சதை பறந்து வந்து திரையில் விழுந்து, நல்லவேளை, எதையும் தொடாமல் சரிந்தது. யார் தும்மினார்களோ, யார் இருமினார்களோ, ஒன்றும் கேட்கவில்லை.

சாப்பாடு முடிந்து, சாமான்களை மண்டபத்துக்குப் பின்னால் வேனில் ஏற்றும்வரை யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாததுதான் அவரை அரித்தது. தபலாக்காரர் வழக்கத்துக்கு மாறாக அவருடைய வயர்ப் பெட்டியையும் சேர்த்துத் தூக்கினார். மாதுமை ஒரு பொட்டலம் வடையைக் கையில் வைத்துவிட்டுப் போனாள். எல்லாம் சால்வைக்கு முன்னால் செய்கிற மரியாதை என்றே அவருக்குப் பட்டது.

உடையப்பன் வந்தார். ஜிப்பாக் கையில் மஞ்சளும் சிவப்பும் அப்பிக் கிடந்தன.

"ரெண்டு வருஷமா?"

"ஆமாண்ணே."

"திரை பெருசா வாங்குனது அதுக்குத்தானா?"

"ஆமாண்ணே."

"வாசிக்கிறதுல ஒரு குத்தம் சொல்ல முடியல, அதனாலதான் எனக்குத் தெரியல" என்றார் உடையப்பன். "அடுத்த வாரம் மெங்ளெம்புல கச்சேரி இருக்கு, நீ வாறே. பொட்டு வைக்கிறதெல்லாம் திரைக்குப் பின்னாடிதான், முன்னாடி கிடையாது. அது கிடக்கட்டும்." அவர் மோட்டாரைப் பார்த்தார். பிறகு தனேஸ்வரனைப் பார்த்தார். குரல் மாறியது. "இதுல எப்படிடா வந்தே?"

தனேஸ்வரன் வடைப் பொட்டலத்தைப் பையில் திணித்தார்.

"கேக்குறேன்ல. கண்ணு தெரியாம இதுல எப்படி வந்தே? ரெண்டு வருஷமா எப்படி வந்தே?"

"வேன் லைட்டைப் பாத்துக்கிட்டு..."

"அடப் பாவி!" உடையப்பனுக்குக் கோபத்தில் வார்த்தை தடுக்கியது. "ரோட்டுல எவனாச்சும் புள்ளையைக் கூட்டிக்கிட்டுக் குறுக்க வந்திருந்தா? சாவியைக் குடு."

காலையிலிருந்து எதற்கெல்லாமோ பயந்தவர், தன் மோட்டார் யார்மேலாவது ஏறிவிடும் என்று மட்டும் பயந்ததே இல்லை. சாவியை எடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் குனிந்து சீட்டைத் திறந்து, மழைக்கோட்டை உதறி, மடிந்த கடிதத்தை எடுத்தார். சாவியோடு அதையும் நீட்டினார். உடையப்பன் பிரித்துப் படித்தார். தேதியை இரண்டு தரம் படித்தார். "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வீட்டு வாசல்ல நிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. சரளா. காதில் வைத்ததுமே குரல் துள்ளியது.

"எப்படிங்க, மேளம் நல்லா வந்துச்சா? மஞ்சக் கட்டத்து மேலயே பெரிய பொட்டா வெச்சேனே, பாத்தீங்களா?"

"இல்ல சரளா, பாக்கல" என்றார் தனேஸ்வரன். இன்றைக்கு ஒருமுறை சொல்லியாகிவிட்டதால் இரண்டாம் முறை எளிதாக வரும் என்று நினைத்தார். வரவில்லை. "எனக்குக் கண்ணு தெரியல. ரொம்ப நாளா தெரியல. வீட்டுக்கு வந்து சொல்றேன்."

அழுகிறாளோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நேத்து" என்றாள் சரளா கடைசியில், "என்னையும் பாப்பாவையும் மோட்டார்ல பின்னாடி உக்கார வெச்சிக்கிட்டுதானே பாசாருக்குக் காய் வாங்கப் போனீங்க?"